கருப்பாய், கம்பீரமாய் ஒருவர்

பார்லர் கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்து, கிருஷ்ணராஜ் மரியாதைக்காக லேசாகத் தலையசைத்தார். அந்த ஆளும் உடனே தலையசைத்த பிறகுதான் அது தாமே என்று அவருக்கு உறைத்தது.

நெற்றியிலிருந்து தாடை வரை யாரோ வசதியான இடத்து மாப்பிள்ளை. தாடைக்குக் கீழே பழைய கிருஷ்ணராஜ். இரண்டுக்கும் நடுவில், சோதனைச்சாவடி வைக்கலாம் போல ஓர் எல்லைக்கோடு.

"கழுத்துக்கும் சேர்த்து ப்ளீச் போட்டிருக்கலாமேம்மா?"

"பேக்கேஜ்ல முகம் மட்டும்தான் சார். கழுத்து தனி," என்றாள் பார்லர் நடத்தும் ரூபா.

இந்தத் 'தனி' என்கிற சொல் இருக்கிறதே, சரக்கைக் கட்டிக் கையில் கொடுத்த பிறகுதான் அது எந்த வியாபாரத்திலும் வாயைத் திறக்கும்.

கிருஷ்ணராஜ் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. அதைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய நிறத்தைச் சொல்லிவிட வேண்டும். மைசூரில் எல்லோரும் அவரைப் பற்றிச் சொல்லும்போது அதிலிருந்துதான் ஆரம்பித்தார்கள்.

ஹெப்பாளில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர். நவம்பரில், கர்நாடக மாநிலம் உருவான நாளுக்கு, அங்கே ராஜ்யோத்சவ நாடகம் நடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசையாகப் பெயர் கொடுத்தார். முகத்தைப் பார்த்தவுடனே எமன் வேஷம் கொடுத்தார்கள். அடுத்த தடவை இராவணன். அதற்கும் அடுத்து மகிஷாசுரன். மைசூருக்குப் பெயர் கொடுத்த மகிஷனுடைய ஊரிலேயே மகிஷன் வேஷம். சாமுண்டி மலையில் வாளும் பாம்புமாக நிற்கிற மகிஷன் சிலைக்கு என்றைக்காவது காய்ச்சல் வந்தால், ஒரு நாளைக்குக் கிருஷ்ணராஜை நிறுத்திவைத்துச் சமாளிக்கலாம் என்று சக தொழிலாளிகள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் துணிந்து இராமர் வேஷம் கேட்டார். இராமர் நீலம்தானே, கருப்பிலிருந்து நீலத்துக்கு அப்படியொன்றும் அதிக தூரமில்லையே என்று நியாயம் பேசினார். நாடகக் கமிட்டி யோசித்தது. கடைசியில் இராமர் வேஷம் அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்த ஒரு சிவந்த பையனுக்குப் போனது. அவன் மேல் நீலம் பூசினார்கள்.

இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டேதான் எடுத்துக்கொண்டார், மகள் தீபா பள்ளிக்கூடம் போகும்வரை. அங்கே அவளை 'மகிஷன் மகள்' என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் அழுதுகொண்டே வந்து, அடுத்த நாடகத்திலாவது நல்லவராக நடி அப்பா என்றாள். அவரும் சரி என்றார். அவள் வளர்ந்து ஹெப்பாள் ஐடி வளாகத்தில் வேலைக்கும் போய்விட்டாள். அந்தச் 'சரி' மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அப்படி இருக்கையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தது.

அவர்கள் குடியிருக்கும் அக்ரஹாரம் பகுதியில் நஞ்சுண்டசாமி என்பவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கிருஷ்ணராஜும் மனைவி அஞ்சலையும் கல்யாண வெள்ளிவிழாவுக்கு எடுத்துக்கொண்ட படத்தை, யாரையும் கேட்காமல் பெரிதாக்கிக் கண்ணாடி அலமாரியில் மாட்டியிருந்தார். படத்தில் கிருஷ்ணராஜ் கோட்டுப் போட்டு எல்லாப் பற்களும் தெரியச் சிரிப்பார். பக்கத்தில் அஞ்சலை, தன் மளிகைக் கடையில் துவரம்பருப்புக்குப் பேரம் பேச வந்தவரைப் பார்ப்பது போலக் கேமராவைப் பார்ப்பாள். நிறத்தில் கணவன் மனைவி இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல.

தெருவோடு போன ஒரு சினிமாக் கம்பெனிப் பெண் அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாளாம். அவள் பெயர் அஷ்வினி. பெங்களூரிலிருந்து வந்து மைசூரில் வெப் சீரீஸ் எடுக்கிற ஒரு கம்பெனிக்கு ஆள் தேர்வு செய்பவள். படத்துக்கு ஆர்டர் கொடுத்தவள் தீபா என்பதால் ஸ்டுடியோவில் இருந்தது அவளுடைய எண். தீபா ஸ்பீக்கரைப் போட்டாள். அஷ்வினி கன்னடத்தில் மூச்சுவிடாமல் பேசினாள்.

அவர்கள் எடுக்கிற கதையில் ஒரு ஜட்ஜ் வருகிறார். கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் ஜட்ஜ். வழக்கமாக இந்த மாதிரிப் பாத்திரத்துக்கு வடக்கேயிருந்து வெள்ளையான ஒருவரை அழைத்து வந்து கருப்பு பூசுவார்கள். நிஜமாகவே கருப்பாக இருப்பவர்களை ரௌடிக்குப் பின்னால் அடியாளாக நிறுத்துவார்கள். இந்த டைரக்டர் அந்த வழக்கத்தையே மாற்றப் போகிறாராம். கருப்பு மனிதரைக் கருப்பு மனிதரே நடிக்க வேண்டும், அதுவும் நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்து.

கடைசியில் அஷ்வினி சொன்னாள்: "போட்டோதல்லி கப்பகெ, கம்பீரவாகி இதாரல்லா, அவரே பேகு நமகெ."

போட்டோவில் கருப்பாக, கம்பீரமாக இருக்கிறாரே, அவரேதான் வேண்டும். இதற்குக் கன்னட அகராதி எதுவும் தேவையில்லை. கிருஷ்ணராஜ் நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"அவரேவாம். கேட்டியா?" என்றார் மனைவியிடம். 

"நல்லா விசாரிச்சுக்கோணுமுங்க," என்றாள் அஞ்சலை. கொள்ளேகால்காரி. வரும் சரக்கை எடை போடாமல் உள்ளே எடுக்க மாட்டாள். "போட்டோவுல நீங்க பல்லைக் காட்டிக்கிட்டுல்ல இருக்கீங்க. அதுல கம்பீரம் எங்கிருந்து வந்துச்சு?"

"உள்ளே இருக்கிறது தெரியாமப் போயிடுமா? சினிமாக்காரங்க கண்ணு வேற கண்ணு."

தீபா போனைக் கையால் மூடிக்கொண்டு, தான் மகள் என்று சொல்லப்போவதில்லை என்றாள். "மகள்னா டீ கொடுத்து அனுப்பிடுவாங்கப்பா. மேனேஜர்னா சேர் போடுவாங்க. சும்னே இரு, நான் பேசறேன்." பிறகு போனில், நுனிநாக்குக் கன்னடத்தில், 'அவரு' ரொம்ப பிஸி என்றும், ஆனாலும் 'அவரு' ஒப்புக்கொள்கிறார் என்றும், எதுவானாலும் தன்னிடமே பேச வேண்டும் என்றும் அறிவித்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் கிருஷ்ணராஜ் ஜட்ஜ் ஆன சேதி அக்ரஹாரம் முழுவதும் தெரிந்துவிட்டது. மளிகைக் கடைக்கு வந்தவர்களிடம் அவரே சொன்னார். வராதவர்களுக்குப் போன் செய்து சொன்னார். தொழிற்சாலை நாடகக் கமிட்டியின் தலைவர் மாணிக்கவாசகத்துக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

ஜட்ஜ் என்றால் முகம் ஜட்ஜ் மாதிரி இருக்க வேண்டாமா? குடும்பம் கூடி யோசித்து, 'கொஞ்சம் பளிச்சென்று' இருக்கட்டும் என்று முடிவு செய்துதான் அவரை ரூபாவின் பார்லருக்கு அனுப்பியது. நிறத்துக்காகக் கிடைத்த வேஷத்துக்கு, நிறத்தை எடுத்துவிட்டுப் போவதில் ஏதோ இடிக்கிறதே என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நல்ல காரியத்துக்குப் போகும்போது வெள்ளையாகப் போவதுதானே வழக்கம்.

பார்லரிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்றாள் அஞ்சலை.

தீபா சிரிக்கவில்லை. போனை நீட்டினாள். அஷ்வினி அனுப்பியிருந்த செய்தி: டைரக்டர் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் முகத்தில் தயவுசெய்து எதையும் பூசிவிட வேண்டாம், பவுடர்கூட வேண்டாம்.

"இதைக் காலையில சொல்லியிருக்கக் கூடாதா?"

"காலையிலதான்பா அனுப்பியிருக்காங்க. நான் மீட்டிங்ல இருந்தேன்."

படப்பிடிப்பு வெள்ளிக்கிழமை. அதற்குள் பழைய முகத்தை எப்படியாவது திரும்பப் பெற வேண்டும். வாழ்நாள் முழுக்க வேண்டாம் வேண்டாம் என்று பிறர் தட்டிக் கழித்த சரக்கு அது. இப்போதுதான் முதன்முறையாக நல்ல கிராக்கி வந்திருக்கிறது, பார்த்தால் கையிருப்பில் இல்லை.

முதலில் வெயில். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்தார். ஆடி மாதத்து மைசூர் வானம் போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அரை நாள் காத்திருந்ததில் வெயில் வரவில்லை, சாரல் வந்தது. தும்மல் மட்டும் பிடித்துக்கொண்டது.

அடுத்து தீபா கைகொடுத்தாள். வெள்ளைக்காரர்கள் தங்களைக் கருப்பாக்கிக்கொள்ள ஒரு லோஷன் தடவுவார்கள் என்று ஆன்லைனில் வரவழைத்தாள். தங்களைக் கருப்பாக்கிக்கொள்ளக் காசு கொடுக்கிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்பதைக் கிருஷ்ணராஜ் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். அந்த ஆச்சரியத்தில், முகத்தோடு கழுத்துக்கும் கைகளுக்கும் சேர்த்து, இரண்டு கை அதிகமாகவே பூசிக்கொண்டு தூங்கப் போனார்.

விடிந்ததும் அஞ்சலை அவரை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள்.

"ஏனுங்க, நெய் மைசூர் பாகாட்டம் இருக்கீங்க."

உண்மை. ஓரங்களில் பொன்மஞ்சள், கன்னத்தில் நல்ல ஆரஞ்சு. தொழிற்சாலையில் அவரைப் பார்த்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். மத்தியானம் மாணிக்கவாசகம் ஒரு பையில் கீழாநெல்லிச் செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"மஞ்சக்காமாலைக்கு இதைவிட மருந்து கிடையாது. பத்தியமா இருங்க. நவம்பருக்குள்ள எமன் எழுந்து உட்கார்ந்தாகணும்."

"எமன் இனிமே இல்லைங்க. ஜட்ஜ்."

"ஜட்ஜ் ஒரு நாள் கூத்து சார். எமன் நமக்குப் பர்மனென்ட்," என்றார் மாணிக்கவாசகம், மனதார ஆறுதல் சொல்கிற குரலில்.

அந்தப் 'பர்மனென்ட்' கிருஷ்ணராஜின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த ஒரு தடவை நாற்காலியில் ஏறாவிட்டால், ரிட்டையர் ஆகும்வரை எருமை மேல்தான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அஞ்சலை பயத்தம் மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தாள். மைசூர் பாகு பாதி போயிற்று. எந்தப் பாதி என்பதுதான் முகத்தின் இஷ்டத்துக்கு நடந்தது. ஒரு கன்னம் ரூபாவின் கைவண்ணம், ஒரு கன்னம் லோஷன், மூக்கு மட்டும் பிறந்த நிறம்.

இதற்கு நடுவில் வசனப் பயிற்சி வேறு. ஜட்ஜுக்கு இருந்ததே மூன்று வரி: 'இந்த நீதிமன்றத்தில் ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. சாட்சியைப் பார்த்துத்தான் சொல்வோம். உட்காருங்கள்.'

கிருஷ்ணராஜ் வரிகளைச் சரியாகவே சொன்னார். ஆனால் முடிக்கும்போது அவரையும் மீறி ஓர் அட்டகாசச் சிரிப்பு வந்தது. எத்தனையோ வருஷத்து எமன், அவ்வளவு சுலபத்தில் தொண்டையைக் காலி செய்வானா?

"ஜட்ஜ் எதுக்குங்க சிரிக்கிறாரு?" என்றாள் அஞ்சலை.

"அது தானா வருது."

"தீர்ப்பு சொல்றப்ப சிரிச்சா காசு வாங்கிக்கிட்டுச் சொல்றாப்புல இருக்குது. இப்படிச் சொல்லுங்க." கடைக்குக் கட்டிக்கொண்டிருந்த புளிப் பொட்டலத்தை வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்து, மூன்று வரியையும் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. 'உட்காருங்கள்' என்றபோது கிருஷ்ணராஜ் தாமாக உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை தீபாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவும் அம்மாவுமாக ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். தூக்குப் பாத்திரத்தில் எலுமிச்சைச் சாதம், பையில் வசனத் தாள். டைரக்டருக்கு அணிவிக்க ஜரிகை வைத்த மைசூர் பேட்டாத் தலைப்பாகை ஒன்றைக் கிருஷ்ணராஜ் வாங்கி வைத்திருந்தார். டைரக்டர் 'அவரு' தலை எவ்வளவு பெரிசு என்று போனில் விசாரித்து வைக்கச் சொல்லி தீபாவை நச்சரித்தும், அவள் கேட்க மறுத்துவிட்டாள்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய பங்களாவைக் கோர்ட்டாக மாற்றியிருந்தார்கள். வாசலில், டைரக்டர் எங்கே என்று கேட்டார். குட்டை முடியும் பெரிய கண்ணாடியுமாக மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளைக் காட்டினார்கள். கிருஷ்ணராஜ் பேட்டாவைப் பைக்குள்ளேயே திருப்பித் தள்ளினார்.

"பார்த்தியா, பொம்பளை டைரக்டர்," என்று அஞ்சலையிடம் சிரித்தார். "இந்தக் கன்னடத்துல இது ஒரு தொல்லை. ஆம்பளையானாலும் அவரு, பொம்பளையானாலும் அவரு. தீபா அவரு அவருன்னதும் நான் மீசையே வச்சுப் பாத்துட்டேன்."

"நல்லவேளை, தலையில மாட்டாம விட்டீங்க," என்றாள் அஞ்சலை.

அஷ்வினி அங்கே இல்லை. நாயகனை அழைத்து வர ஓட்டலுக்குப் போயிருந்தாள். நான்தான் ஜட்ஜ் என்று கிருஷ்ணராஜ் சொன்னதும், உடை கொடுப்பவர் கேள்வி கேட்காமல் 'ஜட்ஜ்' என்று எழுதிய பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். போட்டோவைப் பார்த்தே அளவு எடுத்து அங்கி தைத்தார்களாம். தோளில் ஏறுவதற்குள் மூச்சு முட்டியது. பெட்டிக்கு அடியில் சந்தன நிறத்தில் ஒரு பருத்திச் சேலையும் இருந்தது.

"இது எதுக்குங்க?" என்றாள் அஞ்சலை.

"நாற்காலியில விரிக்கிறதுக்கா இருக்கும். ஜட்ஜ்னா சும்மாவா? நீ பிடி."

அவள் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

மேக்கப் அறையில் பிரசாந்த் என்ற இளைஞன் அவர் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பழைய சுவரைப் பார்க்கிற பெயின்டரின் முகம் அவனுக்கு வந்தது. எந்த நிறத்தை அடிப்படையாக வைத்துக்கொள்வது என்று கேட்டான். கிருஷ்ணராஜ் தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த மூக்கு இருக்கே, இதுதான் தம்பி ஒரிஜினல். இதுக்கு மேட்ச் பண்ணி மத்த இடத்துக்கெல்லாம் அடிச்சுவிட்டுடு."

பிரசாந்த் கருப்பு டப்பாவைத் திறந்து பிரஷை முக்கியதுதான் தாமதம், கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் உள்ளே வந்தாள். அவள் சோனியா. படத்தில் எந்த இனத்தாரும் எந்த நிறத்தாரும் கேலியாகக் காட்டப்படாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஆலோசகர்.

"பிரசாந்த், பிரஷைக் கீழே வைங்க. சார், மன்னிக்கணும். இந்த செட்ல யாரையும் கருப்பாக்கக் கூடாது. அது எங்க கொள்கை."

"நான் கருப்புதானேம்மா."

சோனியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கே?"

பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கிருஷ்ணராஜ் தடுமாறிப்போனார். ஆதாரத்துக்கு மணிக்கட்டைக் காட்டினார். கடிகாரப் பட்டைக்கு அடியில் அது வெளுத்துக் கிடந்தது. அவசரமாக அங்கியின் கையை மேலே ஏற்றி முழங்கையை மடக்கிக் காட்டினார்.

"முழங்கை எல்லாருக்கும் அப்படித்தான் சார் இருக்கும்."

"அம்மா, இது புதுசாக் கேக்கறது இல்லை. என் சொந்தக் கலரை நான் திரும்பக் கேக்கறேன்."

சோனியா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். "உங்களை மாதிரி வெளுப்பா இருக்கறவங்க சாயத்தைப் பூசிட்டு வந்து உட்கார்ந்தா, நிஜமாவே கருப்பா இருக்கற ஒருத்தரோட இடம் போயிடுது சார். அவங்களுக்குக் கிடைக்கிறதே அபூர்வம். அதையும் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்கணும். அது எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க."

அது எப்படி இருக்கும் என்று அந்தக் கட்டடத்திலேயே நன்றாகத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். நீலம் பூசிய அக்கவுண்ட்ஸ் பையன் கண்முன்னால் வந்து வில்லை வளைத்தான்.

இத்தனை வருஷமாகத் தமக்காக யாராவது வந்து பேச மாட்டார்களா என்று ஏங்கிய வார்த்தைகளை, ஒருத்தி வந்து ஒன்றுவிடாமல் பேசிவிட்டாள். அவருக்கு எதிராக.  அவ்வளவும் சரி.

"வா அஞ்சலை, போலாம்," என்றார் மெதுவாக. "நவம்பர்ல எமன் இருக்கான்."

அஞ்சலை தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். தோளில் சந்தன நிறச் சேலையோடு நடந்து வந்து சோனியாவின் முன்னால் நின்றாள். மேக்கப் கண்ணாடியைச் சுற்றி எரிந்த அத்தனை விளக்கும் அவள் முகத்தில் விழுந்தன. துவரம்பருப்புக்குப் பேரம் பேசுகிறவர்களைப் பார்க்கும் அதே பார்வை.

"ஏனுங் அம்மணி," என்றாள். "இந்த மனுசன் கருப்பா இருக்காருன்னு இத்தனை வருசமும் ராச்சசன் வேசம் குடுத்தாங்க. இன்னைக்குக் கருப்பா இல்லைன்னு வெளிய போகச் சொல்றீங்க. ரெண்டுக்கும் நடுவுல அவரு எந்தக் கலர்ல இருந்தா உங்களுக்கெல்லாம் ஆகும்னு சொல்லிப்போடுங்க, நான் கடையில வாங்கியாறேன்."

பிரசாந்தின் கையிலிருந்த பிரஷ் சொட்டியது. மானிட்டர் பக்கமிருந்து யாரோ, "அது யாரு பேசறது?" என்று கேட்டார்கள். டைரக்டரின் குரல்.

சோனியா எழுந்து, "மேடம், நீங்க புரிஞ்சுக்கணும், கொள்கைன்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

அஞ்சலை குரலை உயர்த்தவில்லை.

"இந்த நீதிமன்றத்துல ஆளைப் பாத்துத் தீர்ப்பு சொல்றதில்லை. சாட்சியைப் பாத்துத்தான் சொல்லுவோம். நீங்க எழுதிக் குடுத்ததுதான் அம்மணி இது. இவரு கருப்புங்கிறதுக்கு, கட்டிக்கிட்டு இத்தனை வருசம் கூட இருக்கிற நான் சாட்சி. உக்காருங்க."

சோனியா உட்கார்ந்தாள். பிரசாந்தும் உட்கார்ந்தான். உட்காரச் சொல்லப்படாத கிருஷ்ணராஜ், இறுகிப் பிடித்த அங்கியோடு, அவர்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். 

வாசலில், ஓட்டலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஒரு பெண் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த போனில் நஞ்சுண்டசாமி ஸ்டுடியோவின் போட்டோ. அதைப் பார்த்தாள், அஞ்சலையைப் பார்த்தாள். அஷ்வினியின் முகம் மலர்ந்தது. நேராக வந்து அஞ்சலையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கன்னடம் மணக்கும் தமிழில் படபடவென்று சொன்னாள்:

"இதே குரல், இதே பார்வை, இதுக்குத்தானே மேடம் உங்க மேனேஜர்கிட்ட 'அவரே பேகு, அவரே பேகு'ன்னு அத்தனை தடவை சொன்னேன், சீக்கிரம் அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு ஜட்ஜ் நாற்காலிக்கு வாங்க, ஆமா, உங்க அங்கியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, இந்த அவரு யாரு?"